வேலை தீர்ந்துவிட்ட பிள்ளை

டீச்சர் கொடுத்த பத்துக் கணக்கையும் ஐந்தே நிமிஷத்தில் போட்டுவிட்டு, மீதி நேரமெல்லாம் முன் பெஞ்சுப் பெண்ணின் பின்னலைப் பிடித்து இழுத்துக் கொண்டிருக்கும் பையனை உங்களுக்குத் தெரியுமா? "பிள்ளை கெட்டிக்காரன்தான்; ஆனால் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான்" என்று பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வரும். அம்மாவுக்குத் தலைகுனிவு, பையனுக்கு முதுகில் இரண்டு!

பாவம், அவன் என்ன செய்வான்? அவனுக்கு வேலை தீர்ந்துவிட்டது.

இதை அழுத்தமாக எடுத்துச் சொன்னவர் லீட்டா ஹாலிங்வொர்த் என்ற அமெரிக்க அம்மையார். 1886ல் நெப்ராஸ்காவில் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாக இருந்த அவர் 1908ல் கல்யாணமாகி நியூயார்க்கில் குடியேறியபோது, மணமான பெண்ணுக்கு அங்கே ஆசிரியை உத்தியோகம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். (இது எந்த ஊர் நியாயமோ!) அம்மையார் சளைக்கவில்லை. மேலே படித்துக் கொலம்பியாவின் டீச்சர்ஸ் காலேஜில் பேராசிரியையாகவே ஆகிவிட்டார்.

மிகுந்த புத்தியுள்ள குழந்தைக்கு, வழக்கமான பாடத்துக்குப் பள்ளி நேரத்தில் பாதியே போதும் என்பது அவர் கண்டது. மீதிப் பாதியில்தான் குறும்பும் சோம்பலும் முளைக்கின்றன. சோம்பல் பழகிவிட்டால் பிற்பாடு கஷ்டமான பாடம் வரும்போது கெட்டிக்காரப் பிள்ளையே திணறுகிறது.

1936ல் நியூயார்க் ஸ்பேயர் பள்ளியில், ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான சுமார் 50 குழந்தைகளை இரண்டு வகுப்பாகச் சேர்த்தார். பெரிய வகுப்புப் புத்தகத்தை அவர்கள் தலையில் கட்டவில்லை. மீதி நேரத்தில் உணவு, துணி, வீடு, வண்டி, கடிகாரம், விளக்கு என்று அன்றாடப் பொருள்கள் எப்படித் தோன்றி வளர்ந்தன என்பதைக் குழந்தைகளே தேடி அறிய வேண்டும். புத்தகசாலைக்குப் போவார்கள்; மியூசியத்துக்குப் போவார்கள்; வந்து கூடி விவாதிப்பார்கள்.

விளக்கையே எடுத்துக் கொள்ளுங்களேன். அகலில் எரிவது திரியா, எண்ணெயா? சிம்னி போட்டதும் புகை ஏன் குறைகிறது? பாட்டி காலத்தில் ஓர் இரவுக்கு எத்தனை எண்ணெய் செலவாயிற்று? இன்று 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு யூனிட் மின்சாரத்தில் எத்தனை மணி நேரம் எரியும்? (நூறு மணிக்கு மேல்! கணக்கை அவனே போடட்டும்.) ரசாயனம், சரித்திரம், கணக்கு எல்லாம் ஒரே விளக்கடியில் வந்துவிடுகின்றன. பாட்டியைப் பேட்டி காண்பதும் இதில் சேர்த்தி.

ஹாலிங்வொர்த் 1939ல், 53-வது வயதில் காலமானார். அவர் தொடங்கிய சோதனை 1941 வரை நடந்தது.

நம் பள்ளிகளிலும் இப்போது 'ப்ராஜெக்ட்' கொடுக்கிறார்கள். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு அப்பா தெர்மக்கோலை வெட்டி ஒட்டிக் கொண்டிருக்க, பிள்ளை பக்கத்தில் தூங்கிக் கொண்டிருந்தால் அது அப்பாவின் ப்ராஜெக்ட். கோந்துப் புட்டியை அவரிடமிருந்து வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். எரிமலை கோணலாக வந்தால் வரட்டும். ஏன் கோணலாயிற்று என்று பையன் யோசிக்கத் தொடங்குவான்.