பட்டாளத்துப் புகை, ஊர்ப் புழுதி: முன்னாள் படைவீரரின் நுரையீரல்

நாற்பது வயதுகூட நிறையாமல் ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய மிலிட்டரிக்காரருக்கு மூச்சு வாங்கினால், காரணத்தை ஊரே சொல்லிவிடும். பீடி. இல்லையென்றால் கேன்டீன் ரம். இரண்டும் தொடாதவராக இருந்தால், "வேலை வெட்டி இல்லாம உட்கார்ந்து உடம்பு போட்டுடுச்சு." அவர் பதினேழு வருடம் எங்கே நின்றார், எந்தக் காற்றைச் சுவாசித்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. பெரும்பாலும் மருத்துவரும் கேட்பதில்லை.

கங்கை வரைக்கும் கடாரம் வரைக்கும் படை அனுப்பிய ராஜேந்திர சோழன் தலைநகர் அமைத்த இடம் கங்கைகொண்ட சோழபுரம். போய்வந்த படையின் வெற்றிகளை மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. திரும்பி வந்தவன் உடம்பு என்ன ஆயிற்று என்பது கல்லில் ஏறவில்லை. ஆயிரம் வருடம் கழிந்தும் நிலைமை அதிகம் மாறிவிடவில்லை. அந்தச் சோழபுரத்தைச் சுற்றியுள்ள ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், ஆண்டிமடம் வட்டாரத்திலிருந்தும் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்தும் படைக்குப் போனவர்கள் லடாக்கிலும் ராஜஸ்தான் மணலிலும் ஐ.நா. அமைதிப்படையில் ஆப்பிரிக்காவிலும் இருந்துவிட்டு வருகிறார்கள். நெஞ்சுக்குள் எதைக் கொண்டுவந்தார்கள் என்பதற்குத்தான் கணக்கில்லை.

எக்ஸ்ரேயில் தெரியாத நோய்

இந்த விஷயத்தில் உலகத்தை விழிக்க வைத்தது அமெரிக்கச் சிப்பாய்களின் கதை. இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் போய்த் திரும்பியவர்களில் சிலருக்கு, படையில் கட்டாயமான இரண்டு மைல் ஓட்டத்தை முன்போல் முடிக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் சுத்தமாக இருந்தது. மூச்சுத்திறன் சோதனையும் இயல்பு என்றே வந்தது. 'மனசுதான் காரணம்' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

கென்டக்கியின் ஃபோர்ட் கேம்பெல் படைத்தளத்திலிருந்து அனுப்பப்பட்ட இப்படிப்பட்ட 80 பேரை வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். 49 பேருக்கு நுரையீரலிலிருந்து திசு எடுத்துப் பார்த்ததில் 38 பேருக்கு, மிக நுண்ணிய மூச்சுக்குழல்கள் வடுவேறிச் சுருங்கும் நோய் இருந்தது. அந்த 38 பேரில் ஒருவருக்குக்கூட எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. சி.டி. ஸ்கேனில்கூட நாலில் ஒருவருக்குத்தான் அடையாளம் தெரிந்தது.

காரணங்களாகச் சந்தேகிக்கப்பட்டவை இரண்டு. 2003இல் மோசுல் அருகே மிஷ்ராக் கந்தகச் சுரங்கத்தில் பற்றிய தீ ஒன்று. படைத்தளங்களின் எரிகுழிகள் மற்றொன்று. பிளாஸ்டிக், பெயின்ட், பேட்டரி, மருத்துவக் கழிவு என்று கையில் கிடைத்ததையெல்லாம் குழியில் கொட்டி, விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்தினார்கள். அந்தத் தளங்களில் சமையலுக்கும் துப்புரவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக நம் நாட்டவர்களும் இருந்தார்கள். சிப்பாய்க்குக் கிடைத்த பரிசோதனை அவர்களுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. வளைகுடாப் பக்கம் 'கேம்ப் வேலை' பார்த்துத் திரும்பியவர் வீட்டில் இருந்தால், இந்தக் கட்டுரை அவருக்கும் சேர்த்துத்தான்.

நுண்குழல் என்பது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டம் கொண்டது. போர்வெல் தண்ணீர் ஓடும் குழாயில் உப்பு படிந்து துளை சுருங்குகிற மாதிரி, அதன் உட்சுவரில் வடு வளர்ந்து வழியை அடைக்கிறது. குழல் மெல்லியது என்பதால் எக்ஸ்ரே நிழலில் விழாது.

மூச்சுத்திறன் சோதனை ஏமாற்றுவது ஏன் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரின் வயது, உயரத்துக்குரிய சராசரியில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக இயல்பு என்று எழுதிவிடுவார்கள். தினமும் ஓடிப் பழகிய சிப்பாய் படையில் சேரும்போதே 110 சதவீதத்தில் இருந்திருக்கலாம். அவர் 85க்கு இறங்கியிருந்தால் அது பெரிய வீழ்ச்சி. தாளில் மட்டும் 'நார்மல்'. பழைய அளவு கையில் இல்லாதவரை வீழ்ச்சி கண்ணுக்குப் படாது.

பனிமலையிலும் புழுதி உண்டு

நம் படையில் எரிகுழி இல்லையே என்று கேட்கலாம். வேறு வகைகள் இருக்கின்றன.

நச்சுவாயுவிலிருந்தே தொடங்கலாம். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட சில நாட்களில், இந்தியப் படைப்பிரிவுகள் அங்கே எதிர்த்தாக்குதலுக்கு இறக்கப்பட்டன. ஏப்ரல் 26 அன்று காட்டிய வீரத்துக்காக விக்டோரியா கிராஸ் பெற்ற ஜமேதார் மீர் தஸ்த் அந்த வாயுவால் பாதிக்கப்பட்டவர். பதக்கம் வாங்கிய பிறகும் அதன் தொல்லை அவரை விடவில்லை.

இன்றைய படைவீரருக்கு லடாக்தான் பொருத்தமான எடுத்துக்காட்டு. அங்கே சுரங்கமும் இல்லை, ஆலையும் இல்லை. ஆனாலும் லே பகுதிக் கிராம மக்களின் நெஞ்சு எக்ஸ்ரேயில், கல் உடைப்பவர்களுக்கு வருகிற தூசிநோயின் அடையாளங்கள் தெரிந்தன. அகமதாபாத் தேசியத் தொழில்நலவியல் நிறுவனத்தாரும் மற்றவர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வுகள் இதைப் பதிவு செய்தன. சிலிக்கா நிறைந்த புழுதிப்புயலும், புகைபோக்கி இல்லாத வீட்டு அடுப்பும் சேர்ந்து செய்த வேலை அது. பிறந்ததிலிருந்து அங்கேயே வாழ்பவருக்கும் இரண்டு மூன்று வருடம் டூட்டி பார்ப்பவருக்கும் வித்தியாசம் உண்டுதான். ஆனால் அதே புழுதியில் கான்வாய் லாரி ஓட்டியவர், பாறையை வெடிவைத்துச் சாலை போட்ட சாப்பர் என்னும் பொறியியல் படைப்பிரிவு வீரர், எல்லைச் சாலைகள் அமைப்பில் தார் காய்ச்சியவர் எல்லாரும் சாதாரண மனிதரைவிட அதிகம் உள்ளே இழுத்திருப்பார்கள்.

இன்னொன்று புகாரி. உயர்ந்த மலைப் பதுங்குகுழிகளில் குளிர்காய எரிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு அது. கதவைத் திறந்தால் பனிக்காற்று, மூடினால் கரி. காலையில் துப்பும் சளி கறுப்பாக இருந்ததென்று சியாச்சினில் இருந்தவர்கள் சொல்வது இதைத்தான். மூடிய அறையில் அந்தப் புகையின் கார்பன் மோனாக்சைடு உடனடியாகவே உயிரை எடுக்கும். கரித்துகள் மெதுவாக வேலை செய்யும்.

ஊருக்கு வந்த பிறகு

எனக்குக் கவலை தருவது பட்டாளத்துப் புகை மட்டுமல்ல. சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் நாற்பதையொட்டி வெளியே வந்துவிடுகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் வயது. இன்னொரு வேலை வேண்டும். அரியலூர் மாவட்டத்தில் கண்ணுக்கு முன்னால் நிற்பது சிமென்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும். பெரம்பலூரில் கல் குவாரியும் ஜல்லி கிரஷரும். ஒழுக்கமானவர், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர் என்று செக்யூரிட்டி வேலை கொடுக்கிறார்கள். லாரிகள் வரிசைகட்டும் கேட்டில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். ஏற்கெனவே வடுப்பட்ட நுரையீரல் இரண்டாவது தவணைத் தூசியை வாங்கத் தொடங்குகிறது.

எல்லாத் தூசியும் ஒன்றல்ல. டைனோசர் காலத்துக் கடல் விட்டுப்போன அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லின் தூசி, தன்னளவில் நுரையீரலை இறுக்கும் தன்மை குறைந்தது. மூச்சுக்குழலை எரிச்சலூட்டி நாள்பட்ட இருமலும் சளியும் தருவது அதன் இயல்பு. கருங்கல்லை உடைக்கும் கிரஷர் தூசியோ வேறு ரகம். அதிலுள்ள சிலிக்காத் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் காற்றுச் சிற்றறைகள் வரை போகின்றன. அவற்றை விழுங்கும் காவல் செல்கள் செத்து விழ, அந்த இடத்தில் வடு உண்டாகிறது. இதுதான் சிலிகோசிஸ். வேலையை விட்டு நின்ற பிறகும் இது வளரும். குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, கண்டுபிடித்த மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இது இடம்பெற்றிருந்தது. தெரிவிக்கப்படுவது எத்தனை என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும்.

தலைப்பாகைத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதால் பெருந்தூசி நிற்கும். கெடுதல் செய்கிற நுண்தூசி நிற்காது. என்-95 ரக முகக்கவசம் ஓரளவு காக்கும். உண்மையான தீர்வு, தூசி கிளம்பும் இடத்திலேயே தண்ணீர் தெளிப்பதும் இயந்திரத்தை மூடி வைப்பதும். அது தொழிலாளியின் கையில் இல்லை, முதலாளியின் கையில் இருக்கிறது.

டி.பி. மாத்திரை இரண்டு முறை

இருமல், இளைப்பு, எடை குறைவு, எக்ஸ்ரேயில் நிழல். நம் ஊரில் இவை சேர்ந்தால் முதல் சந்தேகம் காசநோய்தான். சந்தேகப்படுவது சரியே, சிலிக்கா ஏறிய நுரையீரலில் காசநோய் பல மடங்கு எளிதாகத் தொற்றும். தவறு எங்கே நடக்கிறதென்றால், சளியில் கிருமி இல்லாமலே ஆறு மாதம் மாத்திரை கொடுத்து, குறையவில்லை என்று மறுபடியும் ஆறு மாதம் கொடுக்கும்போது. சளியை மூலக்கூறு முறையில் சோதித்து, கிருமி இல்லையென்றால் தூசிநோயைத் தேட வேண்டும். கிருமி இருந்து குணமான பிறகும் மூச்சு வாங்கினால் அப்போதும் தேட வேண்டும்.

மருத்துவரிடம் எதைச் சொல்வது

மாடியேறினால் நின்று மூச்சு வாங்குவது, இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் இருமல், சளியில் ரத்தம், சம வயதுக்காரரோடு நடக்க முடியாமல் பின்தங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், போய்க் காட்ட வேண்டும். அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு, எல்லாவற்றுக்கும் திருச்சிக்கோ தஞ்சைக்கோ ஓட வேண்டிய நிலை குறைந்திருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கு 2003 முதல் இ.சி.எச்.எஸ். என்னும் மருத்துவத் திட்டம் இருக்கிறது, அதன் பாலிகிளினிக்கில் நெஞ்சுநோய் நிபுணருக்குப் பரிந்துரை கேட்கலாம்.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த வருடம் எந்த இடம், அங்கே என்ன வேலை, எதன் புகை, எதன் தூசி, கூட இருந்தவர்களுக்கும் இதே தொல்லை உண்டா, ஓய்வுக்குப் பின் எங்கெல்லாம் வேலை. பீடி பிடித்திருந்தால் மறைக்காமல் அதையும் எழுதுங்கள். 'ஆர்மில இருந்தேன் டாக்டர்' என்ற ஒற்றை வரியை வைத்து ஒரு மருத்துவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. 'மூன்று வருடம் பாறை உடைக்கும் கம்பெனியில் டிரில் பிடித்தேன்' என்றால் அவர் எக்ஸ்ரேயைப் பார்க்கும் விதமே மாறிப்போகும்.

மேலே சொன்ன மூச்சுத்திறன் சோதனையை, அதாவது ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தொல்லை இல்லாதவரும் ஒரு முறை செய்து தாளைப் பத்திரப்படுத்தலாம். பின்னால் ஒப்பிட அதுதான் உதவும். எல்லாம் இயல்பு என்று வந்தும் மூச்சு வாங்குகிறதா? நுண்துல்லிய சி.டி., வாயுப் பரிமாற்றச் சோதனை, ஆறு நிமிட நடைச் சோதனை என அடுத்த படிகள் இருக்கின்றன.

வடுவேறிய இடத்தை மருந்து பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஆனால் இன்ஹேலர், மூச்சுப் பயிற்சி, ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசி, நிமோகாக்கல் தடுப்பூசி ஆகியவற்றால் மீதியிருப்பதைக் காக்க முடியும். இன்ஹேலர் போட்டால் பழகிவிடும் என்பது வீண் பயம். பீடியை விடுவதைப் போல உடனே பலன் தருவது வேறு எதுவுமில்லை.

பென்ஷன் கோப்பும் ஒரு மருத்துவம்தான்

படையில் இருக்கும்போது இருமலை மறைப்பவர்கள் அதிகம். மருத்துவத் தரம் இறங்கினால் பதவி உயர்வு போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். விலை பின்னால் தெரிகிறது: வெளியேறும்போது மருத்துவக் குழுவின் தாளில் நெஞ்சு பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை.

அமெரிக்கா 2022 ஆகஸ்டில் ஒரு சட்டம் போட்டது. எரிகுழிப் புகைக்குப் பின் நுரையீரல் புற்றுநோயால் இறந்த சார்ஜென்ட் ஹீத் ராபின்சனின் பெயர் அதற்கு. குறிப்பிட்ட நாடுகளில் பணியாற்றியவருக்குப் பட்டியலிலுள்ள நுரையீரல் நோய் வந்தால், அது பணியால் வந்தது என்றே எடுத்துக்கொள்ளப்படும். நிரூபிக்கும் பாரம் சிப்பாய் தலையில் இல்லை. நம் நாட்டிலும் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே திசையில் சொன்னது: சேரும்போது பதிவில் இல்லாத நோய் பிறகு வந்து வெளியேற்றப்பட்டால், அது பணியால் வந்ததாகவே முதலில் கருத வேண்டும். 2023 செப்டம்பரில் ஊனமுற்றோர் ஓய்வூதிய விதிகள் புதிதாக வந்திருக்கின்றன. அதற்கு முன் வெளியே வந்தவரா, பின் வந்தவரா என்பதைப் பொறுத்து வழி மாறும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். மறுக்கப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு சிப்பாயும் தன் வழக்கைத் தானே நடத்த வேண்டியிருப்பது சரியல்ல என்பதே என் எண்ணம். நிலையம் வாரியாக, பணி வாரியாகத் தூசியும் புகையும் பதிவு செய்யப்பட்டு, வெளியேறும் நாளில் ஊதும் சோதனைத் தாளும் சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல இது.

அது வரும்வரை, மூச்சு வாங்கும் முன்னாள் படைவீரர்கள் அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது ஆதார் அட்டையோடு டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் கடைசி மருத்துவக் குழுவின் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். நகல் ஒன்றை வீட்டம்மாவிடமும் கொடுத்து வையுங்கள்.