புடைவை என்றால் சேலைதானா?

எருக்கலம்பிட்டி வாலிபன் ஒருவன் சென்னையிலே "புடைவைக் கடை எங்கே?" என்று வினவினால், சேலைக் கடைக்கே வழிகாட்டுவர். அவன் தேடியதோ சட்டைத் துணி! மன்னாரிலும் ஈழமெங்கணும் புடைவை என்பது துணிவகை அனைத்தையும் குறிக்கும். மகளிர் உடுப்பது சேலை. பழைய அகராதிகளும் இப்பொதுப்பொருளைத் தருகின்றன. ஆகவே, மாணவர் விடைத்தாளில் இதனைக் கொச்சையென்று அடித்துவிடுதல் நேர்மையன்று.

துணி என்ற சொல்லின் வேர் துணித்தல், அதாவது வெட்டுதல். அறுத்தெடுப்பதால் அறுவை என்றும் பெயர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற சங்கப் புலவரை வைத்தியர் என்று எழுதிவிடாதீர்கள். அவர் துணி வணிகர். கலிங்க நாட்டிலிருந்து வந்த ஆடை கலிங்கமாயிற்று. எருக்கலம்பிட்டி ஆடவர் உடுக்கும் சாரமோ மலாய் மொழி தந்த சொல். தமிழகத்தார் அதனைக் கைலி என்பர்.

புடைவை பெண்டிருக்கே உரியதன்று என்பதற்கு ஒரு சான்று போதும். முஸ்லிம்கள் இறந்தோரைச் சுற்றி அடக்கும் வெள்ளைத் துணியைக் கபன் புடைவை என்பதுண்டு. ஆணுக்கு அது 3 துண்டு; பெண்ணுக்கு 5. கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரித்தே ஆகவேண்டுமென்று இலங்கை அரசு 2020இல் விதித்தது. அவ்வாண்டு டிசம்பரில், கொழும்பு பொரளை மயானத்து வேலியிலே மக்கள் கட்டியவை அவ்வெள்ளைத் துணியின் கீற்றுகளே. பிற மதத்தவரும் வந்து கட்டினர். அடக்கம் செய்வதற்கு அனுமதி 2021 பெப்ரவரியிலேதான் கிடைத்தது.