பழைய லொறியின் கியர்பெட்டிக்கு எந்த ஒயில்?

கல்முனைப் பக்கத்து உதிரிப்பாகக் கடைகளில் கியர் ஒயில் வாங்கப் போகிறவருக்கு முன்னால் பெரும்பாலும் இரண்டு கான்கள் வைக்கப்படும். இரண்டிலும் 90 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் ஒன்றில் ஜி.எல்.-4, மற்றதில் ஜி.எல்.-5. நாலைவிட ஐந்து பெரிது, ஆகவே ஐந்துதான் திறமான சாமான் என்று தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அதிகம். பின்பக்க டிஃபரன்சலுக்கு என்றால் அந்தத் தெரிவு சரி. பழைய லொறியின் கியர்பெட்டிக்கு என்றால் அது பிழை. விலை கூடிய பிழையும்கூட.

கல்முனைப் பக்கத்து மருதமுனை என்றதும் பலருக்குக் கைத்தறிச் சாரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் கொழும்பையும் மட்டக்களப்பையும் இணைக்கும் ஏ-4 நெடுஞ்சாலை ஊரின் நடுவால் போகிறது. மேற்கே வட்டை வட்டையாக வயல் நிலம். கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் அமைந்து, சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் கீழே இறங்கிய பிறகு அம்பாறை நெல்லுக்குப் பேர்போன மாவட்டமானது. நெல் மூடைகளை வட்டையிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து சந்தைக்கும் சுமக்க லொறி வேண்டியிருந்தது. இலங்கைத் தெருக்களில் நெடுங்காலம் ஓடியவற்றுள் பெட்போர்ட் ஒன்று. இங்கிலாந்தின் லூட்டனில் 1931இல் தொடங்கிய பெயர் அது. அதன் டி.ஜே. வகை 1958இலும், டி.கே. வகை 1960இலும் வந்தன. இந்தியாவில் மெர்சிடிஸ் பென்ஸுடன் 1954இல் கைகோத்து லொறி செய்யத் தொடங்கிய டாட்டாவின் வண்டிகளும் அசோக் லேலண்டும் பின்னால் வந்து சேர்ந்தன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் அந்தக் கட்டுப்பாடு பெருமளவில் தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய லொறியை வைத்திருந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாக விளங்கியது: கியர்பெட்டி உடைந்தால் மாற்று லொறி இல்லை, சில வேளை மாற்றுப் பல்சக்கரம்கூட இல்லை. அந்தப் பெட்டிக்குள் ஊற்றும் சில லீட்டர் ஒயிலைப் பற்றி யோசிக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

சிங்க்ரோ இல்லாத மிகப் பழைய பெட்டிகளில் சாரதிதான் வேகத்தைச் சமன் செய்ய வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, விட்டு, மறுபடி மிதித்துக் கியர் போடும் இரட்டைக் கிளட்ச் பழக்கம் அங்கிருந்து வந்தது. 1928இல் அமெரிக்காவின் கடிலாக் கார் சிங்க்ரோமெஷ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் அதோடு நாலடி ஓடி, வேகம் ஒத்த பிறகு காலை வைப்பார் அல்லவா, பல்சக்கரங்களுக்கு அந்த வேலையைச் செய்து கொடுப்பது சிங்க்ரோ வளையம். பழைய பெட்டிகளில் அது பெரும்பாலும் பித்தளை. பல்சக்கரத்தோடு சேர்ந்த கூம்பை அது உராய்ந்து பிடித்தால்தான் இரண்டின் வேகமும் ஒன்றாகும். ஆகவே கியர்பெட்டி ஒயிலுக்கு இரண்டு கடமைகள். பற்களையும் பெயரிங்குகளையும் தேயவிடக் கூடாது. ஆனால் பித்தளை வளையம் பிடிக்க முடியாத அளவுக்கு வழுக்கிவிடவும் கூடாது.

டிஃபரன்சலின் தேவை வேறு. 1920களின் நடுவில் ஹைப்பொயிட் என்ற பல்சக்கர வகை வந்தது. இதில் சின்னப் பல்சக்கரத்தின் அச்சு, பெரிய வளையப் பல்சக்கரத்தின் மையத்துக்கு நேரே இல்லாமல் விலகி நிற்கும். வண்டியின் உடலைத் தாழ்த்த அது உதவியது. ஆனால் பற்கள் உருளுவதோடு நிற்காமல், பெரும் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் தொடங்கின. சாதாரண எண்ணெய்ப் படலம் அங்கே கிழிந்துவிடும். அதற்காகக் கந்தகம் கலந்த சேர்மானங்கள் தேடப்பட்டன. அவற்றுள் ஒன்று, அம்பர் தரும் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கந்தகத்தோடு வினைபுரியவைத்து எடுத்தது. திருகோணமலைக் கடலில் இன்றும் கூட்டமாகக் காணப்படும் அதே திமிங்கிலம்தான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைப் பாதுகாக்கப்பட்ட உயிரினமாக்கியதும் எண்ணெய்க் கம்பனிகள் மாற்று வழி தேட வேண்டி வந்தது. அந்த உயிருக்கும் அது நல்லதாயிற்று.

இன்றைய ஜி.எல்.-5இல் கந்தகமும் பொஸ்பரஸும் சேர்ந்த இரசாயனங்கள் ஜி.எல்.-4இல் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். சூடேறும்போது அவை இரும்போடு வினைபுரிந்து பல்லின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். ஹைப்பொயிட் பல்லைக் காப்பது அந்தப் படலம். வினை புரியக்கூடிய கந்தகம் செம்பையும் விட்டுவைப்பதில்லை. பித்தளையிலும் வெண்கலத்திலும் இருப்பது செம்பு. சூடான ஒயிலில் பளபளக்கும் செம்புத் தகட்டை ஊறவைத்து, அது எவ்வளவு கறுக்கிறது என்று பார்ப்பது ஆய்வுகூடங்களில் வழக்கமான சோதனை. கியர்பெட்டிக்குள் அந்தத் தகட்டின் இடத்தில் சிங்க்ரோ வளையமும் சிறு வெண்கலப் புஷ்களும் இருக்கின்றன. கறுப்பது ஒரு பக்கம். வளையம் பிடிக்காமல் வழுக்குவது மறுபக்கம். “கியர் விழுகுதில்ல” என்று சாரதி சொல்வதும், மூன்றாம் கியருக்குப் போகும்போது பல் கறகறப்பதும் அதன் அடையாளங்களாக இருக்கலாம்.

மறுதலையாகவும் பிழை நடக்கும். ஹைப்பொயிட் டிஃபரன்சலுக்குள் ஜி.எல்.-4 ஊற்றினால் பற்கள் விரைவில் தேயும். ஒரே கானால் இரண்டையும் நிரப்பும் சிக்கனம் ஏதோ ஒரு பக்கத்தைத் தின்றுவிடும்.

இனி அந்த 90. இது தடிப்பைக் குறிக்கும் எண், தரத்தை அல்ல. எஞ்சின் ஒயில் 40, கியர் ஒயில் 90 என்று கேட்டதும் பின்னது இரண்டு மடங்கு தடிப்பு என்று தோன்றும். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். 90 இலக்கக் கியர் ஒயிலின் தடிப்பு, 40 முதல் 50 வரையான எஞ்சின் ஒயிலுக்கு ஏறத்தாழச் சமம். அதனால்தான் சில கியர்பெட்டிகளுக்குச் செய்தவர்களே எஞ்சின் ஒயிலைச் சொல்லியிருக்கிறார்கள். இலங்கையர் அன்போடு பேணும் மோரிஸ் மைனரின் கியர்பெட்டிக்கு எஞ்சின் ஒயில், அதன் டிஃபரன்சலுக்கு 90 ஹைப்பொயிட் ஒயில். மாஸி பெர்குசன் 135 உழவு இயந்திரத்தில் கியருக்கும் ஹைட்ரோலிக்கிற்கும் ஒரே ஒயில் என்பதால் அதற்குத் தனி வகை வேண்டும். லொறிக்கு வாங்கியதில் மிஞ்சியதை அதற்குள் ஊற்றக் கூடாது. வண்டியின் கைநூல் கிடைத்தால் அதன் சொல்லே முதற் சொல்.

80டபிள்யூ-90 என்று எழுதியிருந்தால், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் பகுதி. உறைபனி விழும் நாட்டில் காலையில் ஒயில் இறுகாமல் இருக்க அது தேவை. அம்பாறைக் கரையில் மார்கழி விடியலிலும் அப்படிக் குளிர்வதில்லை. கைநூல் 90 கேட்டால் தனி 90 போதும், 80டபிள்யூ-90 கிடைத்தாலும் கேடில்லை. பெட்டி இரைகிறது என்பதற்காக 140க்குத் தாவுவதுதான் யோசிக்க வேண்டிய காரியம். தடித்த ஒயில் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும். தேய்ந்த பெயரிங் தேய்ந்தபடியே இருக்கும். சிங்க்ரோ வேலை செய்யவும் கூடுதல் நேரம் எடுக்கும்.

ஒயில் மாற்றுவது வண்டி ஓடி வந்த சூட்டோடு நடக்க வேண்டும். சூடான ஒயில் அடியில் படிந்த தூளையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். லொறியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகு, முதலில் கழற்ற வேண்டியது பக்கவாட்டில் உள்ள ஊற்றும் நட். அடியில் உள்ள ட்ரெயின் நட்டை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். பல ஆண்டு திறக்காத ஊற்றும் நட் இறுகிப்போயிருந்தால், வடித்துவிட்ட வெறும் பெட்டியோடு லொறி கராஜில் நின்றுவிடும்.

இறங்குகிற ஒயிலை ஒரு சட்டியில் பிடித்துப் பார்ப்பது இந்த வேலையின் அரைவாசி. சாம்பல் நிறக் குழம்பு போன்ற மென்தூள் கொஞ்சம் இருந்தால் பயமில்லை, அது வழமையான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புச் சில்லு வந்தால் பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும். வெயிலில் பிடிக்கும்போது பொன் மினுக்கம் தெரிந்தால் பித்தளை வளையம் கரைகிறது. பால் கலந்த தேநீரின் நிறம் வந்தால் உள்ளே தண்ணீர். புதிய ஒயிலை ஊற்றும் துளை வழிந்து நிற்கும் மட்டத்துக்கு விட்டால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் நுரைக்கும், சீல் வழியாகக் கசிந்து கிளட்சையும் நனைக்கும். குறைந்தால் மேல் தண்டின் பெயரிங்குகள் வறண்டு ஓடும், ஏனென்றால் கீழ்ப் பல்சக்கரம் அள்ளி வீசும் ஒயில்தான் அவற்றுக்குக் கிடைப்பது.

தண்ணீர் இந்தப் பக்கத்தில் தனிப் பிரச்சினை. வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். சூடான கியர்பெட்டியும் டிஃபரன்சலும் திடீரென வெள்ளத்துக்குள் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். மேலே உள்ள பிரீதர் என்ற மூச்சுத்துளை சேற்றால் அடைத்திருந்தால், சுருங்கிய காற்றின் இடத்தை நிரப்பத் தண்ணீர் சீல் வழியாக உறிஞ்சப்படும். 2004 டிசம்பர் 26இன் கடல் மருதமுனையை எப்படி அழித்தது என்பது இந்தக் கரை அறிந்தது. கடல்நீர் ஏறிய வாகனத்தின் கியர்பெட்டியைப் பொறுத்தவரை நாட்கணக்கில் காத்திருக்க இடமில்லை. உப்புநீர் பெயரிங்கை அவ்வளவு விரைவாக அரிக்கும். அன்றே வடித்து, மலிவான ஒயிலால் கழுவி, மறுபடி நிரப்ப வேண்டும். வெள்ளத்தில் ஓடிய லொறிக்கும் மழைக்காலம் முடிந்ததும் எஞ்சின், கியர்பெட்டி, டிஃபரன்சல் மூன்றையும் திறந்து ஒயிலைப் பார்ப்பது அவசியம்.

கடைசியாக, வடித்த பழைய ஒயில். மருதமுனையின் நிலம் கடல்மணல். கிணறுகளில் ஆழமில்லாமலே தண்ணீர் ஊறுவது அந்த மணலால்தான். கராஜின் பின்புறம் கொட்டும் ஒயிலும் அதே மணல் வழியாகத்தான் இறங்கும். கறுப்பு ஒயிலை மூடியுள்ள கானில் சேர்த்துவைத்து, பழைய ஒயில் சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். வேலிக்கட்டைக்குப் பூசவும் வேண்டாம், வடிகானுக்குள் விடவும் வேண்டாம்.