படபடப்பும் பணிவிலகல் கடிதமும்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் ஆகிய தொழிற்பகுதிகளில் இரவு ஷிப்டின் நடுவே நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துச் சாய்ந்துவிடும் இளம் தொழிலாளர்கள் பலருக்கும் ஒரே வரிசையில்தான் எல்லாம் நடக்கிறது: முதலுதவி அறையில் 'கேஸ் டிரபிள்' என்று ஒரு மாத்திரை, கிளினிக்கில் ஒரு பாட்டில் டிரிப்ஸ், ஊரில் மந்திரித்துக் கட்டிய கயிறு, கடைசியாகப் பணிவிலகல் கடிதம். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்றுச் சாலைமறியலில் இறங்கிய பிறகு விடுதிகளின் சோறும் தண்ணீரும் பேசுபொருளாயின. அங்கே தங்கியிருப்போரின் தூக்கமும் மனநிலையும் அந்தப் பேச்சில் அரிதாகவே இடம்பெற்றன.

டார்கெட் எட்டாத நாளில் வரும் கவலை, காரணம் தீர்ந்ததும் தானே அடங்கிவிடும். காரணம் தீர்ந்தும் அடங்காமல், வீட்டுக்கடன், தங்கையின் படிப்பு, லைன் லீடரின் முகம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் பெரும்பாலான நாட்களில் மாதக்கணக்கில் நீடித்து, தூக்கமின்மை, கழுத்து இறுக்கம், எரிச்சல், கவனச்சிதறல் ஆகியவற்றோடு வருவதே பொதுப் பதற்றக் கோளாறு எனப்படுகிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறி, உயிரே போய்விடும் என்ற அச்சத்தைத் தந்து தணிவது பீதித் தாக்கு; அது மீண்டும் வந்துவிடுமோ என்று அஞ்சிக் கம்பெனி பஸ்ஸில் ஏறவே ஒருவர் தயங்கத் தொடங்கினால் அது பீதி நோயாக வளர்ந்திருக்கக்கூடும். ஆயினும் நெஞ்சுவலி வந்தவுடன் அதை மனநோய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது, முதலில் இ.சி.ஜி. எடுத்து இதயக் கோளாறு இல்லை என்று உறுதிசெய்வதோடு, தைராய்டு, இரத்தசோகைப் பரிசோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும்.

பணிவிலகல் கடிதத்தில் கையெழுத்திடும் முன், தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டமான இ.எஸ்.ஐ. தரும் உரிமை என்னவென்று அறிய வேண்டும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளர், கான்ட்ராக்டர் மூலம் வந்தவரேயானாலும், இத்திட்டத்துக்குள் வருகிறார். கான்ட்ராக்டர் சந்தா கட்டவில்லையென்றால் அதற்கு முதன்மை நிறுவனமே பொறுப்பு. இ-பெஹ்சான் என்னும் இ.எஸ்.ஐ. அடையாள அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு தமக்கு ஒதுக்கப்பட்ட இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குச் சென்றால், அங்குள்ள மருத்துவர் மனநல மருத்துவரிடம் பரிந்துரைப்பார். மருத்துவ உதவி வேலைக்குச் சேர்ந்த நாள் முதலே உண்டு. சம்பள இழப்பை ஈடுசெய்யும் நோய்க்கால உதவிக்கு மட்டும், ஆறு மாத சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும்; அப்படியிருப்பின் ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். இதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் விடுப்புச் சான்று தேவை. தனியார் கிளினிக் சீட்டு மட்டும் இருந்தால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் அதை ஏற்கும் என்று நம்பியிருக்க முடியாது. சான்றின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுவனத்தில் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்க வேண்டும். பணிவிலகல் கடிதம் கொடுத்தவர் விடுப்பில் இருப்பவர் அல்லர், வேலையை விட்டவர். இந்த வேறுபாட்டை மனிதவளத் துறையினர் எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பது வீண்.

மருந்துக் கடையில் சீட்டில்லாமல் பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரை வாங்கி விழுங்குவது இன்னொரு கேடு. அது எச்1 அட்டவணையில் உள்ள மருந்து, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதது, பழக்கத்துக்கு அடிமையாக்குவது. மருத்துவர் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும் என்பதால், பத்தாம் நாளே பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்னும் பேச்சுவழிச் சிகிச்சையும் நல்ல பலன் தருவதே.

நோயின் விவரம் மேலதிகாரிக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சத்தாலேயே பலர் மருத்துவரிடம் போவதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சட்டம் வகுத்த சில விதிவிலக்குகள் நீங்கலாக, நோயாளியின் இசைவின்றி மருத்துவர் அந்த விவரத்தை வெளியிட முடியாது. உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுவதால், கம்பெனியின் குழுக் காப்பீட்டில் உள்ளவர்கள் இதைக் கேட்டுப் பெறலாம். இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவர்கள் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தையோ நாடலாம். நள்ளிரவில் விடுதி அறையில் தவிப்பவர்கள், எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழில் பேசக்கூடிய டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் விடியும்வரை காத்திராமல் உடனே அழைக்க வேண்டும்.