தேயாத பொருளுக்குத் தேய்மான விலை

புதிய பாத்திரத்திற்கு ஒரு விலை, புழங்கிய பாத்திரத்திற்கு வேறொரு விலை. இது உலகம் அறிந்த நியாயம். புழங்கப் புழங்கப் பொருள் தேய்கிறது. தேயத் தேய அதன் மதிப்பும் குறைகிறது. ஆனால், கையால் தொட இயலாத, ஆயிரம் முறை பயன்படுத்தினாலும் அணுவளவும் தேயாத ஒரு பொருளுக்குத் தேய்மானம் கணக்கிட்டு, அதைக் கொண்டே விலையை ஏற்றியும் இறக்கியும் விற்கும் சந்தை ஒன்று இருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா? கணினி விளையாட்டுகளின் உலகில் அத்தகைய சந்தை பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. நம் பிள்ளைகளில் பலர் அதை அறிவார்கள். பெற்றோராகிய நாமும் அறிந்து கொள்வது நலம்.

ஆயுதத்திற்கு ஓர் ஆடை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த வால்வ் என்னும் நிறுவனம் 2012-ஆம் ஆண்டில் 'கவுண்டர் ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ்' என்னும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை வெளியிட்டது. 2023 செப்டம்பரில் 'கவுண்டர் ஸ்டிரைக் 2' அதன் இடத்தைப் பிடித்தது. இவ்விளையாட்டில் 2013 ஆகஸ்ட் மாதம் ஒரு புதுமை புகுத்தப்பட்டது. துப்பாக்கியின் மேல் தீட்டப்படும் வண்ணக் கோலங்கள் தனிப் பொருட்களாக வழங்கப்பட்டன. இவற்றை 'ஸ்கின்' என்று அழைக்கிறார்கள். ஸ்கின் அணிந்த துப்பாக்கி கூடுதலாகச் சுடுவதில்லை. குறி தவறாமல் இருப்பதுமில்லை. அது வெறும் அலங்காரமே. எனினும், அதை வைத்திருப்பவர் பிறருக்கு விற்கலாம் என்ற அனுமதி இருந்தமையால், அலங்காரம் வணிகப் பொருளாயிற்று.

பிறவியிலேயே எழுதப்பட்ட எண்

ஒவ்வொரு ஸ்கின்னும் உருவாகும் கணத்திலேயே 0 முதல் 1 வரையிலான ஒரு பின்ன எண் அதற்கு வழங்கப்படுகிறது. விளையாடுவோர் இதனை 'ஃப்ளோட்' என்பர். நாம் தேய்மான எண் என்று கொள்வோம். எண் சிறிதாயின் வண்ணம் பளபளக்கும். பெரிதாயின் கீறலும் உதிர்வும் மிகுந்து காணப்படும். இவ்வெண்ணைக் கொண்டு ஐந்து தரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. 0.07 வரை 'ஃபேக்டரி நியூ', அதாவது புத்தம் புதியது. 0.15 வரை 'மினிமல் வேர்', சிறிதே தேய்ந்தது. 0.38 வரை 'ஃபீல்டு டெஸ்டட்', களத்தில் புழங்கியது. 0.45 வரை 'வெல் வோர்ன்', நன்கு தேய்ந்தது. அதற்கு மேல் 'பேட்டில் ஸ்கார்ட்', போர்த் தழும்பு ஏறியது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இந்த எண் பின்னர் மாறுவதே இல்லை. பத்தாண்டுகள் ஓயாது விளையாடினாலும் புத்தம் புதியது புத்தம் புதியதாகவே இருக்கும். ஒருமுறைகூடத் தொடாமல் வைத்திருந்தாலும் தழும்பு ஏறியது தழும்புடனேயே இருக்கும். உழைப்பால் வந்த தேய்மானம் அல்ல இது. பிறவியிலேயே எழுதப்பட்ட தேய்மானம்!

விலை நடக்கும் பாதை

ஒரே பெயர், ஒரே ஓவியம் கொண்ட இரு ஸ்கின்கள். ஒன்றின் எண் 0.069, மற்றொன்றின் எண் 0.071. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னது புத்தம் புதியது என்ற பெயரைப் பெறுகிறது. பின்னது அடுத்த தரத்தில் விழுகிறது. விலையோ படிக்கட்டில் இறங்குவது போல் சட்டென்று இறங்குகிறது. மக்கள் வண்ணத்திற்கு மட்டுமன்று, பெயருக்கும் பணம் தருகிறார்கள் என்பது இதனால் விளங்கும்.

தரத்தின் பெயரைக் காட்டிலும் அருமையே விலையை ஆள்கிறது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 'அசிமோவ்' என்னும் கோலம் தீட்டிய ஏடபிள்யூபி துப்பாக்கியின் எண் 0.18-க்குக் கீழே வருவதே இல்லை. ஆகவே அதில் முதல் இரண்டு தரங்கள் கிடையா. பெயரளவில் மூன்றாவதான தரமே அங்கு முதன்மை பெறுகிறது. அதே துப்பாக்கியின் எண் 1-ஐ நெருங்கும்போது வெண்ணிறம் உதிர்ந்து குறிநோக்கி கறுத்துவிடும். அந்தக் கறுப்பே அழகு என்று கருதுவோர் பெருகியதால், மிகவும் தேய்ந்தது தன் தரத்திலுள்ள மற்றவற்றைவிடக் கூடுதல் விலைக்குப் போகிறது. இதற்கு மாறாக, 'ஃபேட்' என்னும் வண்ணம் பூசிய கத்திகளின் எண் 0.08-ஐத் தாண்டுவதில்லை. ஏறத்தாழ எல்லாமே புத்தம் புதியவை ஆகையால், அங்கே புதுமைக்குத் தனி மதிப்பு இல்லை.

'கேஸ் ஹார்டென்ட்' என்னும் வகையில் தேய்மானத்தைவிட நீலநிறம் எங்கெங்கே படிந்துள்ளது என்பதே முக்கியம். நீலம் மிகுந்தது பெரும் பொருளுக்கு விற்கும்; மஞ்சள் மிகுந்தது சாதாரண விலைக்குப் போகும். 'டிராகன் லோர்' என்னும் ஸ்கின் ஒன்று 2018-இல் சுமார் 61,000 டாலருக்கு விலை போயிற்று. அது புத்தம் புதிய தரம் என்பதோடு, பாஸ்டன் நகரில் நடந்த பெரும் போட்டியின் நினைவுப் பொருளாக ஓர் ஆட்டக்காரரின் கையொப்பத்தையும் தாங்கியிருந்தது.

பழைய நாணயம் சேகரிப்போருக்கு இவையெல்லாம் புதுமையல்ல. நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரை மதிப்பிடும் அளவுகோலை 1949-இல் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவில் வகுத்தார். ஆனால் நாணயம் பல கைகளில் புரண்டு, காலத்தின் சாட்சியாக நிற்கிறது. ஸ்கின்னின் கீறலோ எந்தக் காலத்திற்கும் சாட்சி கூறுவதில்லை.

திறந்த குவியலும் மூடிய பெட்டியும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். பொருளின் குறையை வாங்குபவர் அறிய வேண்டும் என்பதே அதன் படிப்பினை. அந்த வகையில் பார்த்தால், ஸ்கின்னின் மறுவிற்பனையில் குறை மறைக்கப்படுவதில்லை. எண்ணைப் பல தசம இடங்கள் வரை எவரும் பார்க்கலாம். பொருளைத் திரையில் சுழற்றிச் சோதிக்கலாம். ஏமாறுவோர் பெரும்பாலும் இச்சோதனையைச் செய்யாதவர்களே. பண்டமாற்றின் போது உயர்ந்த தரத்தைக் காட்டி, கடைசி நொடியில் அதே ஓவியம் கொண்ட தாழ்ந்த தரத்தை வைத்துவிடும் தந்திரம் அங்கே பழகிப்போன ஒன்று.

ஆனால் அப்பொருள் முதன்முதலில் பிறக்கும் இடம் எது? பெரும்பாலும் ஒரு மூடிய பெட்டி. அதைத் திறக்கும் சாவிக்கு 2.49 டாலர் விலை வைக்கப்பட்டது. உள்ளே எந்த ஸ்கின், எந்தத் தேய்மான எண் என்பது திறக்கும் வரை தெரியாது. சீன நாட்டின் விதிகளின்படி 2017-இல் வெளியிடப்பட்ட விகிதங்களின்படி, மிக அரிதான கத்தி முதலியவை கிடைக்கும் வாய்ப்பு 0.26 சதவீதம் மட்டுமே. அதாவது 10,000 பெட்டிகளைத் திறந்தால் சராசரியாக 26! அரிதான கத்தி வந்தாலும் அதன் எண் எப்படி அமையுமோ என்பது இரண்டாவது அதிர்ஷ்டம். 2018-இல் பெல்ஜிய நாட்டின் சூதாட்ட ஆணையம் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. அங்கே பெட்டி திறப்பது நிறுத்தப்பட்டது. மறுவிற்பனை பட்டப்பகல் போல் தெளிவாக இருக்க, முதல் விற்பனை இருட்டில் நடப்பதே இச்சந்தையின் முரண்பாடு.

கைக்கு வராத காசு

விற்றால் முழுப் பணமும் கிடைக்குமா? நிறுவனத்தின் சொந்தச் சந்தையில் விற்பவருக்கு 100 ரூபாய் சேர வேண்டுமெனில், வாங்குபவர் 115 ரூபாய் தர வேண்டும். எஞ்சிய 15 ரூபாய் நிறுவனத்தின் கட்டணம். அந்த 100 ரூபாயும் வீட்டுச் செலவுக்கு உதவாது. அந்நிறுவனத்தின் கணக்கிலேயே இருந்து, அங்கேயே வேறு விளையாட்டோ ஸ்கின்னோ வாங்கத்தான் பயன்படும். பணமாக்க விரும்புவோர் வெளிச் சந்தைகளை நாடுகின்றனர். மோசடிகள் மிகுதியும் நிகழ்வது அங்கேதான். மேலும், ஒப்பந்தப்படி ஸ்கின் என்பது பயன்படுத்தும் உரிமமே தவிர உடைமை அன்று.

2025 அக்டோபரில் நடந்தது இதற்குச் சரியான பாடம். சிவப்புத் தரத்து ஸ்கின்கள் ஐந்தைக் கொடுத்து ஒரு கத்தியையோ கையுறையையோ பெறலாம் என்று நிறுவனம் ஒரு புதிய விதியை அறிவித்தது. அரிதாக இருந்த கத்திகள் இனிப் பெருகும் என்றதும் அவற்றின் விலை சரிந்தது. சிவப்பு ஸ்கின்களின் விலை விண்ணுக்கு ஏறியது. சந்தையின் மொத்த மதிப்பில் சுமார் 200 கோடி டாலர் ஓரிரு நாட்களில் மறைந்ததாகச் செய்திகள் வெளியாயின. எந்தக் கத்தியின் தேய்மான எண்ணும் மாறவில்லை. மாறியது ஒரு விதி மட்டுமே!

பெற்றோர் கவனத்திற்கு

பிள்ளை, "இது விலை ஏறும், விற்றுவிடலாம்" என்று சொல்லிப் பணம் கேட்கும்போது அதட்டி அனுப்புவதால் பயனில்லை. அருகில் அமர்த்திச் சில வினாக்களைக் கேளுங்கள். இதன் தேய்மான எண் என்ன? இதே எண் உள்ளது அண்மையில் எவ்வளவுக்கு விற்றது? கட்டணம் போகக் கிடைப்பது எவ்வளவு? அது கைக்கு வருமா, கணக்கிலேயே நிற்குமா? பார்த்து வாங்குகிறாயா, பெட்டியைத் திறந்து பார்க்கப் போகிறாயா? இவற்றுக்கு விடை தேடும்போதே பிள்ளைக்குப் பாதி உண்மை புலப்பட்டுவிடும். கடைசி வினா ஹலால், ஹராம் எல்லையைத் தொடுவதால், அதனை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை.

பொருளின் நிலையறிந்து விலை பேசுவது நல்ல வணிகப் பழக்கம். அந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகள் திரையிலிருந்தேனும் கற்றுக்கொள்ளட்டும். அதே வேளையில், அப்பொருளின் மதிப்பு எவர் கையிலிருந்து வருகிறது, எவர் நினைத்தால் போய்விடும் என்பதையும் அவர்கள் அறிந்திருக்கட்டும்.