தேவாலயம் வெறிதாயது ஏன்?

நல்லூர்த் திருவிழாவுக்கென இலண்டனிலிருந்து வந்த என் பழைய மாணாக்கர் ஒருவர் சென்ற ஆண்டு என்னைக் காண வந்தார். ஊர்ச்செய்தி பேசிவருகையில், "ஐயா, மேற்கு ஈலிங்கிலே கனகதுர்க்கை அம்மன் எழுந்தருளியிருக்குங் கட்டடம் முன்னாளிலே கிறித்தவ தேவாலயம். இன்று தேர்த் திருவிழாவுக்குத் தெருக்கொள்ளாத கூட்டம்" என்றார். உடனிருந்தோர், "நம் சமயம் வென்றது" என மகிழ்ந்தனர். எனக்கு அம்மகிழ்ச்சி உண்டாகவில்லை.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே தம்மைக் கிறித்தவர் என்றோர் நூற்றுக்கு 59.3 பேர். 2021இலே அத்தொகை 46.2 ஆயிற்று. பாதிக்குக் கீழே அது இறங்கியது அதுவே முதன்முறை. விலகினோரெல்லாம் வேறு சமயம் புகுந்தனரோ எனின், அன்று. 2021இலே இசுலாமியர் நூற்றுக்கு 6.5 பேர், இந்துக்கள் 1.7 பேரே. சமயம் ஏதுமில்லை என்றோரோ 25.2இலிருந்து 37.2 ஆகப் பெருகினர். ஆகவே, அத்தேவாலயங்களை வெறிதாக்கியது அயற்சமயம் அன்று. தந்தையின் வழிபாடு மைந்தனுக்குப் பொருளற்றதாய்ப் போனமையே என்று கருத இடமுண்டு.

பல சமயங்கள் அருகருகே வாழின் ஒவ்வொன்றும் மெலியும் என்பார்க்கு நம் யாழ்ப்பாணமே தக்க மறுமொழி. 1816இலே அமெரிக்க மிசனரிமார் இங்கு வந்தனர். 1823இலே வட்டுக்கோட்டைச் செமினறியைத் தொடங்கினர். 1841இலே உதயதாரகைப் பத்திரிகையை வெளியிட்டனர். ஆறுமுக நாவலர் வெசுலியன் மிசன் பாடசாலையிலே கற்று, அங்கே ஆசிரியருமாகி, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். பாதிரிமார் மக்கள்முன் நின்று தம் நூற்பொருளை விளக்கும் முறையை அணுகியிருந்து கண்டார். கண்டவர் வாளாவிருந்தாரல்லர். 1847ஆம் ஆண்டு மார்கழியிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கந் தொடங்கினார், 1848இலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார், அச்சுக்கூடமும் அமைத்தார். கோயிலுக்கு அன்றும் கூட்டம் இருந்தது. வழிபடுவோன் தான் வழிபடும் பொருளை அறிதல் வேண்டும் என்பதே அவர் கவலை. அக்கவலையை எழுப்பியது அயற்சமயத்தின் அண்மையே.

விடைபெறும்போது என் மாணாக்கர் குரல் தாழ்த்திச் சொன்னதொன்றுண்டு. "ஐயா, என் மகன் கோயிலிலே தேவாரம் பாடுகிறான். ஆங்கில எழுத்திலே எழுதிவைத்துத்தான் பாடுகிறான். 'இதன் பொருள் என்ன, அப்பா?' என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அப்பதிகத்தை அவருக்கு மனனஞ் செய்வித்தவன் நானே. பொருளைப் பரீட்சைக்கு வேண்டுமளவு சொல்லி அமைந்தேன். அவர் மறந்தார் என்று எவ்வாறு குறைகூறுவேன்? அங்குள்ள கிறித்தவக் குருமாரும் ஒருகால் இவ்வாறே வருந்தியிருப்பர்.

இப்பொழுது அச்சிறுவனுக்கு வாரமொரு பாட்டுக்கு எளிய தமிழிலே பொருளெழுதி அனுப்புகின்றேன். அவன் தந்தை உடனிருந்து வாசித்துக் காட்டுகின்றார். சிறுவன் திருப்பிக் கேட்கும் வினாக்கள் சிலவற்றுக்கு விடைதேட நானே ஏடு புரட்டவேண்டியிருக்கின்றது. அயல்நாட்டிலே பேரப்பிள்ளைகளை உடைய அன்பர்களே, கோபுரத் திருப்பணிக்குப் பொருள் அனுப்புங்கள், நன்று. அதனோடு, பிள்ளை பாடும் பாட்டின் பொருளையும் இவ்வாரமே ஒரு கடிதத்தில் எழுதியனுப்புங்கள்.