மீன் குட்டையில் பாசிப் பெருக்கம்: தடுப்பதும் தணிப்பதும்

மீன் வளர்க்கும் குட்டையில் தண்ணீர் இளம் பச்சை நிறமாக இருப்பது நல்ல அறிகுறி. கட்லா, ரோகு, வெள்ளிக் கெண்டை ஆகியவற்றுக்கு அந்தப் பசுமையிலிருந்தே இயற்கை உணவு கிடைக்கிறது. ஆனால் பசுமை அளவு மீறி, பச்சைப் பெயிண்டைக் கரைத்துவிட்டது போலக் கெட்டிப்பட்டுவிட்டால், எட்டு பத்து மாதம் தீனி போட்டு வளர்த்த மீன்கள் அத்தனையும் ஒரே விடியற்காலையில் செத்து மிதக்கக்கூடும். இதற்குப் பயந்து அவசரமாக மருந்தை ஊற்றிப் பாசியைக் கொன்றாலும் அதே நஷ்டமே நேரிடுகிறது. ஆகவே பாசி எதனால் பெருகுகிறது, அதைத் தொடர்ந்து பாக்டீரியாக்கள் எவ்வாறு பெருகுகின்றன என்பதை மீன் வளர்க்கும் விவசாயிகள் அறிந்து வைத்திருப்பது அவசியம்.

பகலில் வரவு, இரவில் செலவு

பாசியும் பயிரைப் போன்றதே. சூரிய ஒளி உள்ள நேரத்தில் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு பிராணவாயுவைத் தண்ணீரில் விடுகிறது. பொழுது சாய்ந்ததும் பிராணவாயு உற்பத்தி நின்றுவிடுகிறது. இரவு முழுவதும் மீன்கள், பாசி, சேற்றிலுள்ள பாக்டீரியா ஆகிய மூன்றுமே பிராணவாயுவைச் செலவிடுகின்றன. இதனால் சூரிய உதயத்துக்குச் சற்று முன்புதான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும்.

30 டிகிரி வெப்பமுள்ள நல்ல தண்ணீர் காற்றிலிருந்து லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லி கிராம் பிராணவாயுவை மட்டுமே கரைத்து வைத்துக்கொள்ளும். கெண்டை இன மீன்கள் நன்கு வளர 5 மில்லி கிராம் வேண்டும். 3 மில்லி கிராமுக்குக் கீழே போனால் மீன்கள் தீனியில் நாட்டம் இழந்து சோர்வடையும். பாசி மிகுந்த குட்டையில் பிற்பகலில் தேவைக்கு மேல் பிராணவாயு இருக்கும். விடியற்காலையில் ஒன்றுமே இல்லாத நிலை ஏற்படும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதன் அறிகுறி. வெயில் ஏறியதும் மீன்கள் கீழே போய்விடுவதால் விவசாயிகள் இதைச் சாதாரணமாக எண்ணிவிடுவதுண்டு. அது தவறு.

பாசிக்கு உரம் எங்கிருந்து வருகிறது?

பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்துமே பாசிக்கும் வேண்டும். ரசாயன உரம் எதுவும் போடவில்லையே, பாசி எப்படி வந்தது என்று பலர் கேட்பதுண்டு. உரம் தீனியின் வழியாகப் போகிறது. கடலைப் புண்ணாக்கில் ஏறத்தாழ 7 சதம் தழைச்சத்து உள்ளது. நாள்தோறும் 10 கிலோ புண்ணாக்கு போட்டால் அதில் 700 கிராம் தழைச்சத்து இருக்கிறது. இது ஒன்றரை கிலோ யூரியாவில் உள்ள சத்துக்குச் சமம். மீனின் உடலில் சேருவது இதில் ஒரு பகுதியே. பாதிக்கு மேற்பட்ட சத்து கழிவாகவும், தின்னாமல் மிஞ்சிய தீனியாகவும் தண்ணீரில்தான் தங்குகிறது. மாதக்கணக்கில் இது சேர்ந்துகொண்டே வந்தால் பாசி பெருகுவதில் வியப்பில்லை.

மாட்டுச் சாணம் ஏக்கருக்கு ஆண்டுக்கு 4 முதல் 6 டன் வரை, பல தவணைகளாகப் பிரித்து இடவேண்டும். ஒரே தடவையில் வண்டி வண்டியாகக் கொட்டக்கூடாது. கோழி எரு சாணத்தைவிட வீரியம் மிக்கது. சாணத்துக்குச் சொன்ன அளவில் கோழி எருவை இட்டால் பாசி மண்டிவிடும். உரமிட்ட வயல்களிலிருந்து வடியும் நீர் குட்டைக்குள் வராதவாறு கரை போடுவதும் நல்லது.

நான்கு வகைப் பாசிகள்

1. இளம் பச்சை நிறம் தரும் நுண்பாசிகள்: தண்ணீர் முழுவதும் சீராகப் பரவியிருக்கும். அளவோடு இருக்கும்வரை இவை மீனுக்கு உணவு.

2. நீலப்பச்சைப் பாசி: பச்சைப் பெயிண்டைப் போல ஏடு படிந்து, காற்று அடிக்கும் திசையில் குட்டையின் ஒரு மூலையில் ஒதுங்கும். இதன் உடலுக்குள் நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் மேலே மிதந்து நின்று மற்றப் பாசிகளுக்கு ஒளி கிடைக்காமல் செய்துவிடும். நெல் வயலில் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துக் கொடுக்கும் உயிர் உரமும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அந்த உண்மையை 1939-ஆம் ஆண்டில் பி.கே. டே என்னும் இந்திய விஞ்ஞானி நிலைநாட்டினார். வயலில் நன்மை செய்யும் இந்தக் குணமே குட்டையில் தொல்லையாகிறது. மணிச்சத்து மிகுந்து தழைச்சத்து குறைந்தாலும், இவற்றுள் சில காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொண்டு பெருகும். சில வகைகள் நஞ்சு கக்கும். 1878-இல் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்டிரினா ஏரியில் இத்தகைய ஏடு படிந்த தண்ணீரைக் குடித்த ஆடு, மாடு, குதிரைகள் இறந்தது அப்போதே பதிவாகியுள்ளது. ஆகவே ஏடு படிந்த குட்டையில் கால்நடைகளைத் தண்ணீர் காட்டக்கூடாது. மீனில் மண் வாடை வீசுவதற்கும் இந்த இனப் பாசிகள் காரணமாகின்றன.

3. செந்நிற ஏடு: வெயில் நேரத்தில் நீர்ப்பரப்பில் செங்கல் நிறப் படலம் தோன்றும். இது யூக்ளினா என்னும் நுண்ணுயிர். கழிவு மிகுந்த குட்டைகளில்தான் வரும். வைக்கோல் பிரியைத் திரித்து, இருவர் இரு கரையிலும் பிடித்து இழுத்து, படலத்தை ஓர் ஓரத்தில் ஒதுக்கி அள்ளிவிடலாம்.

4. இழைப் பாசி: ஆழம் குறைந்த, தெளிந்த தண்ணீரில் தரையிலிருந்து பஞ்சு போலக் கிளம்பும். வலையிலும் மீன் குஞ்சுகளின் மேலும் சிக்கிக்கொள்ளும். முள்கம்பில் சுற்றி வாரி எடுப்பதே சிறந்தது. தண்ணீரின் ஆழத்தை ஒன்றரை மீட்டராக உயர்த்தினால் தரைக்கு ஒளி எட்டாது, பாசி குறையும்.

கையைக் கொண்டே அளக்கலாம்

பாசியின் அளவை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. காலை பத்து மணி அளவில் குட்டையில் இறங்கி, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, முழங்கை நனையும்வரை கையைத் தண்ணீருக்குள் இறக்கவேண்டும். முழங்கை நனையும் சமயத்தில் உள்ளங்கை மறைந்தால் பாசி சரியான அளவில் உள்ளது. பாதி முழங்கைக்கு முன்னரே மறைந்துவிட்டால் பாசி அதிகம். முழங்கை நனைந்த பின்னும் கை தெளிவாகத் தெரிந்தால் இயற்கை உணவு குறைவு.

இன்னும் திட்டமாக அறிய விரும்புவோர் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தகட்டை நான்கு பாகமாக்கிக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி, அடியில் ஒரு கனத்தைக் கட்டி, அளவு குறித்த கயிற்றில் இறக்கிப் பார்க்கலாம். 1865-இல் இத்தாலியைச் சேர்ந்த செக்கி என்பவர் கடல் நீரின் தெளிவை அளக்கக் கையாண்ட முறை இது. தகடு 25 முதல் 40 சென்டிமீட்டருக்குள் மறைவது நல்லது. 20 சென்டிமீட்டருக்குள் மறைந்தால் அது ஆபத்தின் எல்லை.

பாசி சாகும்போது நடப்பது

பாசி கெட்டியாக இருப்பதைவிட, அது ஒரே சமயத்தில் மடிவது மோசமானது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தொடர்ந்து மூன்று நான்கு நாள் மேகம் மூடினால் பாசிக்கு ஒளி கிடைக்காமல் திடீரென்று மடியும். பச்சை நிறம் ஒரே நாளில் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ மாறும், துர்நாற்றம் வீசும். மயில் துத்தம் போட்டுப் பாசியைக் கொன்றாலும் இதே கதிதான்.

செத்த பாசி பாக்டீரியாக்களுக்கு விருந்தாகிறது. அவை பல மடங்கு பெருகி, மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் செலவழித்துவிடுகின்றன. பாசி அழுகும்போது அம்மோனியாவும் வெளிப்படுகிறது. அம்மோனியா எவ்வளவு நஞ்சாகும் என்பது தண்ணீரின் கார நிலையைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் அதில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பி.எச். 9 ஆனால் 40 பங்குக்கு மேல் நச்சு வடிவாகிவிடும். பாசி மிகுந்த குட்டையில் பிற்பகலில் பி.எச். 9-ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த நிலையில் சுண்ணாம்பு போட்டால் கார நிலை மேலும் ஏறும். தண்ணீர் கெட்டுவிட்டது என்றவுடன் பி.எச். அளவைப் பார்க்காமல் சுண்ணாம்பைக் கொட்டுவது இதனால்தான் தீங்கு விளைவிக்கிறது.

மயில் துத்தத்தைப் பொறுத்தவரை, மருந்துக்கும் நஞ்சுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு. தண்ணீரின் காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லி கிராமுக்குக் குறைவாக இருந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது. மீன் குஞ்சுகளுக்கு உணவாகும் நுண்ணுயிர்களையும் அது கொன்றுவிடும். தண்ணீரைச் சோதிக்காமலும் மீன்வளத் துறையினரின் யோசனை பெறாமலும் மயில் துத்தத்தைக் குட்டையில் இடுவது கூடாது.

செய்யவேண்டியவை

பாசி மிகுந்திருப்பது தெரிந்ததும் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

* முதலில் சாணம், கோழி எரு, ரசாயன உரம் யாவற்றையும் நிறுத்தவேண்டும். தீனியைப் பாதியாகக் குறைக்கவேண்டும். மேகமூட்டமான நாளிலும், மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும் நாளிலும் தீனி அறவே கூடாது.

* தண்ணீர் வசதியுள்ளவர்கள் மொத்தத் தண்ணீரில் கால் பங்கை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடலாம். வெளியேற்றும் தண்ணீரில் உரச்சத்து இருப்பதால் நெல், வாழை, தென்னைக்குப் பாய்ச்சலாம்.

* நீலப்பச்சை ஏட்டை, காற்றால் ஓரமாக ஒதுங்கும் வேளையில் துணியாலோ நெருக்கமான வலையாலோ வாரி, கால்நடைகள் அண்டாத இடத்தில் குழியில் புதைக்கவேண்டும்.

* மீன்கள் வாய் பிளந்தால் உடனே பம்பு செட்டை ஓட்டி, குட்டைத் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து சிதறி விழச் செய்யவேண்டும். துளையிட்ட தகட்டின்மேல் விழச் செய்தால் காற்று நன்கு கலக்கும். பம்பு இல்லாதவர்கள் மூங்கில் கழிகளால் தண்ணீரை அடித்துக் கலக்கலாம், அடிச்சேற்றைக் கிளறக்கூடாது. காற்றூட்டும் இயந்திரம் உள்ளவர்கள் அதை நள்ளிரவிலிருந்து பொழுது விடியும்வரை ஓட்டுவது பலன் தரும்.

* விற்கும் பருவத்துக்கு வந்துவிட்ட மீன்களில் ஒரு பகுதியைப் பிடித்துவிட்டால் பாரம் குறையும். ஆனால் மீன்கள் மூச்சுக்குத் திணறும் நேரத்தில் வலை இழுக்கக்கூடாது. மண் வாடை இருந்தால் தெளிந்த தண்ணீரில் சில நாட்கள் வைத்திருந்து விற்கலாம்.

புண் கண்டால்

பிராணவாயுக் குறைவாலும் அம்மோனியாவாலும் நலிந்த மீன்களை ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் எளிதில் தாக்குகின்றன. இவை எப்போதும் தண்ணீரில் இருப்பவையே. மீன் நலமாக இருக்கும்வரை ஒன்றும் செய்வதில்லை. உடலில் சிவந்த புண், துடுப்பு அழுகுதல், வயிறு வீங்கிச் செதில்கள் நிமிர்ந்து நிற்றல், செவுள் வெளுத்து அழுகுதல் ஆகியவை அறிகுறிகள். செத்த மீன்களை அன்றன்றே எடுத்துப் புதைக்கவேண்டும். தண்ணீரைச் சீராக்காமல் மருந்து மட்டும் போட்டால் நோய் திரும்ப வரும். ஆன்டிபயாடிக் மருந்துகளைக் குட்டையில் கலப்பது கூடாது. குளோராம்பினிக்கால், நைட்ரோபியூரான் வகை மருந்துகள் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை.

புண் எல்லாமே பாக்டீரியாவால் வருவதல்ல. 1988-இல் இந்தியாவுக்குள் பரவிய கொள்ளைப் புண் நோய்க்கு மூலகாரணம் பூஞ்சணம் போன்ற ஓர் உயிர். இதற்குப் புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிலையம் உருவாக்கிய சிபாக்ஸ் மருந்தை, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏக்கர் குட்டைக்கு 400 மில்லி வீதம் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். எந்த நோய் என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகே மருந்து வாங்கவேண்டும்.

வருமுன் காத்தல்

மீன் பிடித்து முடித்ததும் குட்டையை வற்றவிட்டு, தரை வெடிக்கும்வரை காயப்போட்டு, கறுத்த சேற்றை வழித்து வயலுக்கு எடுத்துவிட வேண்டும். பிறகு ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ சுண்ணாம்பு இட்டுத் தண்ணீர் விடலாம். கூட்டு மீன் வளர்ப்பில் ஏக்கருக்கு 2,000 குஞ்சுகள் போதும். அதற்கு மேல் விட்டால் தீனியும் கழிவும் கூடும்.

தவிட்டையும் புண்ணாக்கையும் தண்ணீரில் வீசுவதற்குப் பதிலாக, ஆந்திராவின் கொல்லேறு பகுதியில் செய்வது போல, துளையிட்ட பைகளில் நிரப்பிக் கம்புகளில் கட்டித் தொங்கவிடலாம். மீன்கள் துளை வழியே தின்னும். மாலையில் பையைத் தூக்கிப் பார்த்து, மிச்சம் இருந்தால் மறுநாள் அந்த அளவைக் குறைத்துவிடலாம். தீனிச் செலவும் மிச்சமாகும். பாசிக்கு உரம் போவதும் குறையும்.

வாரம் இருமுறை கையை விட்டுத் தண்ணீரின் தெளிவைப் பார்ப்பதும், விடியற்காலையில் ஒரு நடை குட்டைக் கரைக்குப் போய் வருவதும் செலவில்லாத காரியங்கள். இவ்விரண்டையும் தவறாமல் செய்துவந்தால் பாசி எல்லை மீறுவதை முன்கூட்டியே அறிந்து, ஆண்டு முழுவதும் பட்ட பாட்டின் பலனைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.